குச்சிக் கூடை பின்னக் கற்றுக்கொள்ள: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கூடை பின்னக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முழுக் குச்சியால் பின்னும் வட்டக் கூடையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியிருக்கிறேன். மூங்கிலைப் பிளந்து முடைவது தனித் தொழில். அதைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

வீடியோவில் எல்லாரும் வில்லோ குச்சியால்தான் பின்னுகிறார்கள். அது இங்கே கிடைக்குமா?

கிடைக்காது. அதைத் தேடி அலையவும் வேண்டாம். வில்லோ குளிர் நாட்டு மரம். இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் கூடைக்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இலை உதிர்ந்த பிறகு அடியோடு வெட்டுவார்கள், அடுத்த வருஷத்துக்குள் ஆள் உயரத்துக்கும் மேலே நேர்நேராகக் குச்சி எழும்பிவிடும். நம் நாட்டில் காஷ்மீரில் வில்லோ உண்டு. அங்கே கிரிக்கெட் மட்டை செய்வது இதன் கட்டையில்தான். குளிருக்கு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டியைச் சுற்றிப் பின்னுவதும் இதன் குச்சியால்தான். தென்னிந்திய ஆற்றோரங்களில் ஆற்றுப்பாலை என்று அதே இனத்து மரம் ஒன்று இருக்கிறது. ஆனால் கூடை கற்றுக்கொள்ளும் அளவுக்குக் குச்சி வேண்டுமென்று அதை நம்பி இறங்க முடியாது.

வில்லோ வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தை அல்ல, முறையை. அடி போடுவது, குச்சி நிறுத்துவது, சுற்றிப் பின்னுவது, வாய் மடக்குவது எல்லாம் வளையக்கூடிய எந்தக் குச்சிக்கும் பொருந்தும்.

அப்போ நம் பக்கத்தில் எந்தக் குச்சி தோதாக இருக்கும்?

என் முதல் தேர்வு நொச்சி. ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், தோட்டத்து வேலி என்று எங்கும் இருக்கிறது. ஆடு மாடு அதிகம் கடிக்காது. ஒரு தடவை வெட்டிவிட்டால் மழைக்குப் பிறகு கிளை இல்லாத நேர் குச்சியாகக் கிளம்பும். தோலோடு பின்னினாலும் நன்றாக வளையும். வாசனைக்குப் பூச்சி அவ்வளவாக அண்டாது. தானியத்துக்குள் நொச்சி இலை போட்டு வைக்கிற வழக்கம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

அடுத்தது உண்ணிச்செடி. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் புல்லை முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இலையும் காயும் கால்நடைக்கு நஞ்சு. ஆனால் தண்டு உறுதியானது. அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சூட்டோடு தோலை உரித்தால் உள்ளே வெளுத்த, வழவழப்பான குச்சி கிடைக்கும். நமக்கு மேற்கே மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் இந்தக் குச்சியில் கூடையும் நாற்காலியும் செய்கிறார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதே உண்ணியில் நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. வேண்டாத செடியை வெட்டி வேண்டிய பொருளாக்குகிற இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கொதிக்கவைக்க அடுப்பும் டிரம்மும் வேண்டும், கையில் முள் கீறும். கொஞ்சம் பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

துவரை மிலாறும் நல்ல குச்சிதான், எருக்கூடைக்கும் குப்பைக் கூடைக்கும் அதுவே போதும். அறுவடை முடிந்து சில நாட்களுக்குள், ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய்ந்து விறைத்துப்போனால் அடுப்புக்குத்தான். மலிவான பயிற்சிக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை: தை, மாசியில் கடலைக்காட்டு ஓரம் சும்மா குவிந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள்.

பிரம்பு கடையில் வாங்கலாம். ஆனால் விலை அதிகம். கற்கிற கை நிறையக் குச்சியை வீணாக்கும் என்பதால் தொடக்கத்தில் வேண்டாம்.

எந்த மாதத்தில் வெட்டுவது?

மழை ஓய்ந்து, செடி வளர்ச்சி நிற்கும்போது. நம் மாவட்டங்களில் அது மார்கழி, தை. ஐப்பசி மழையில் துளிர்த்துக்கொண்டிருக்கும் குச்சி பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். நுனி முற்றியிருக்காது, காய்ந்தால் சுருங்கி நார்நாராகிவிடும்.

எப்போது வெட்டுகிறோம் என்பதைவிட, எந்தச் செடியில் வெட்டுகிறோம் என்பது பெரிய விஷயம். வருஷக்கணக்கில் யாரும் கை வைக்காத நொச்சிப் புதரில் போய்ப் பாருங்கள்: எல்லாக் கிளையும் கோணல், ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கவை. அதே புதரை இந்தத் தையில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள். அடுத்த தைக்குள் அந்தக் கட்டையைச் சுற்றி நேர் குச்சி கிளம்பியிருக்கும். வில்லோக்காரர்கள் செய்வதும் இதைத்தான். ஆகவே கூடை கற்க ஆசை இருந்தால், கூடையைத் தொடுவதற்கு முன்பே நாலு நொச்சிப் புதரை வெட்டிவிட்டு வையுங்கள்.

காட்டுக்குள் போய் வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. உண்ணிச்செடி வேண்டாத செடிதானே என்று நினைத்துக் காப்புக்காட்டுக்குள் நுழைந்து வெட்ட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். நம் காடுகளில் கணிசமான பகுதி 2014இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகள் யானை நடமாடும் இடம். உண்ணிப் புதருக்குப் பின்னால் யானை நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது. பட்டா நிலத்து வேலி, தெரிந்தவர் தோட்டம் போதும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

மூங்கில் பற்றியும் கேட்கிறார்கள். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கில் அந்தச் சட்டப்படி மரக் கணக்கில் வராது. சொந்தத் தோட்டத்து மூங்கிலை வெட்டப் பயப்பட வேண்டியதில்லை.

வெட்டின உடனே பின்னலாமா?

பச்சைக் குச்சி அருமையாக வளையும், பின்னுவதும் சுகமாக இருக்கும். ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தக் கூடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குச்சியும் சுருங்கி, பின்னலுக்கு நடுவே விரல் நுழையும் சந்து விட்டிருக்கும். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும்.

அதனால் இலையை உருவிவிட்டு, தடிமன்வாரியாகக் கட்டு கட்டி, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் சாய்த்து வையுங்கள். வதங்கி, தோல் லேசாகச் சுருக்கம் விழுந்ததும் பின்னலாம். வெயிலில் போட வேண்டாம், தருமபுரி வெயிலுக்கு இரண்டே நாளில் முறுக்கென்று ஆகிவிடும்.

நன்றாகக் காய்ந்த குச்சி என்றால் ஊறவைக்க வேண்டும். தோலோடு இருக்கும் வில்லோவுக்கு, அடிக்கு ஒரு நாள் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றடிக் குச்சி என்றால் மூன்று நாள். நொச்சிக்கும் அந்தக் கணக்கில் தொடங்கிப் பாருங்கள். ஆனால் கணக்கைவிடக் கையை நம்புங்கள். குச்சியின் நடுப்பகுதியை மணிக்கட்டைச் சுற்றி மெல்ல வளைத்தால் சத்தமில்லாமல் வளைய வேண்டும். சின்னதாக ஒரு சடக் கேட்டால்கூட இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். ஊறினதை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். மேல் ஈரம் உள்ளே இறங்கி, குச்சி முழுக்க ஒரே பதமாக இருக்கும். மாட்டுத் தொட்டியில் ஊறப்போட்டால் மாடு குடிக்கும் தண்ணீர் கெட்டுவிடும். உடைந்த டிரம்மோ, மண்ணில் பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்ததோ போதும்.

மூங்கில்தான் நம் ஊர்ப் பொருள். அதிலேயே தொடங்கினால் என்ன?

தாராளமாகத் தொடங்கலாம், பக்கத்தில் ஆள் இருந்தால். மூங்கில் கூடையில் பின்னல் பாதி வேலைதான். மீதிப் பாதி பிளப்பதில் இருக்கிறது. கணு தாண்டும்போது கத்தி ஒரு பக்கம் ஓடாமல், இரண்டு பக்கமும் ஒரே கனமாகப் பிளக்க வேண்டும். தோல் பக்கத்துத் தப்பை (பிளந்தெடுத்த பட்டை) வேறு, உள்பக்கத்துத் தப்பை வேறு. எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தப்பையின் ஓரம் பிளேடு மாதிரி கையை அறுக்கும். இதையெல்லாம் எழுத்தில் படித்தோ வீடியோ பார்த்தோ தனியாகப் பழகுவது ஆபத்து. முழுக்குச்சியில் பிளக்கும் வேலை அடிப்பகுதிக்கு மட்டும்தான், மூன்று குச்சியில் ஒரு கீறல். கை பின்னலில் பழகட்டும், அப்புறம் மூங்கிலுக்குப் போகலாம்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

செடி வெட்டும் கத்தரி, கூரான சின்னக் கத்தி, செருப்புத் தைப்பவர் வைத்திருப்பது போன்ற குத்தூசி, பின்னலைத் தட்டி இறக்க ஒரு கனமான இரும்புத் துண்டு, சணல் கயிறு. அவ்வளவுதான். இரும்புக்குப் பதில் பழைய பெரிய ஸ்பேனர் போதும்.

எனக்கு வயர் கூடை நன்றாகப் போட வரும். இது சுலபமாக வந்துவிடுமா?

பொறுமையும் எண்ணிக்கை மறக்காத கண்ணும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய லாபம். சிவன் கண் முடிச்சு போட்ட கைக்கு இந்தப் பின்னல் புரிய நேரமாகாது. ஆனால் வயர் முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை ஒரே தடிமன், சொன்ன இடத்தில் நிற்கும். குச்சிக்கு அடி உண்டு, நுனி உண்டு. அடி முரண்டு பிடிக்கும், நுனி இளகிக் கொடுக்கும். அதனால் புதுக் குச்சி சேர்க்கும்போது அடியோடு அடியும், நுனியோடு நுனியும் சேர்க்க வேண்டும். தடித்த அடியையும் மெல்லிய நுனியையும் ஒரே இடத்தில் சேர்த்தால் கூடை அந்தப் பக்கம் புடைத்துக்கொள்ளும். வயர்க்காரர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் நாளே கூடை பின்னத் தொடங்கலாமா?

முதலில் ஒரு சின்னப் படல் பின்னுங்கள். ஆட்டுப்பட்டி அடைக்கிறோமே, அதே படல்தான், ஒரு முழ அகலத்தில். தரையில் ஏழோ ஒன்பதோ குச்சியை ஒரே இடைவெளியில் நட்டு, மெல்லிய குச்சியை முன்னும் பின்னுமாக விட்டு, ஓரத்தில் முறுக்கித் திருப்பிக் கொண்டுவாருங்கள். குச்சியை ஓரத்தில் முறுக்காமல் சும்மா மடக்கினால் உடையும், முறுக்கிக்கொண்டே திருப்பினால் நார் பிரிந்து கயிறாக வளையும். இதைக் கை கற்றுக்கொள்ள ஒரு படல் போதும். கெட்டுப்போனாலும் கோழிக்கு மறைப்பாகும்.

அடி எப்படிப் போடுவது? அங்கேயே நின்றுவிடுகிறேன்.

எல்லாரும் நிற்பது அங்கேதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுண்டுவிரல் தடிமனில், பத்து அங்குல நீளத்தில் ஆறு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றை எடுத்து நடுவில் கத்தியால் ஒரு அங்குலத்துக்குக் கீறித் துளை விடுங்கள். முனை பிளந்துவிடக் கூடாது. கத்தியை நடுவில் குத்தி, மெல்லத் திருப்பினால் வாய் திறக்கும். மற்ற மூன்றையும் அந்தத் துளை வழியாக நுழைத்தால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். நாலு பக்கமும் மும்மூன்று முனை, மொத்தம் பன்னிரண்டு.

இப்போது மிக மெல்லிய, நீளமான குச்சி இரண்டை எடுங்கள். அவற்றின் நுனியைத் துளைக்குள் செருகி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் விட்டு, மூன்று குச்சியையும் ஒரே கட்டாகப் பிடித்து இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் முன்னது பின்னே போகும், பின்னது முன்னே வரும். இது இறுக்கமாக இருக்க வேண்டும், விரல் நோகிற அளவுக்கு. இங்கே தளர்ந்தால் கூடையின் ஆயுளுக்கும் தளர்வுதான்.

மூன்றாவது சுற்றில் கட்டைப் பிரிக்க வேண்டும். மூன்று மூன்றாக நின்ற குச்சிகளை ஒவ்வொன்றாக விலக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே பின்னலை விட்டு வாருங்கள். இந்தச் சுற்றில் அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு முனையும் ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்று ஒவ்வொரு சுற்று முடிவிலும் அடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். குறுக்குக் குச்சி முரண்டு பிடித்தால் கட்டைவிரலால் அழுத்தி வளைத்து வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

பின்னல் முறை இதுதான். உங்களிடம் இரண்டு குச்சி முன்பக்கம் நிற்கும். இடப்பக்கக் குச்சியை எடுத்து, ஒரு முனைக்கு முன்னால் விட்டு, அடுத்த முனைக்குப் பின்னால் கொண்டுபோய், திரும்ப முன்னால் எடுங்கள். இப்போது எது இடப்பக்கம் நிற்கிறதோ அதை எடுத்து அதே மாதிரி. எப்போதும் இடப்பக்கக் குச்சிதான் நகரும். எட்டு அங்குல வட்டம் வரும்வரை இப்படியே.

பின்னும்போதே ஓரங்களைக் கீழ்நோக்கி லேசாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நடு கொஞ்சம் மேலே எழும்பி, கவிழ்த்த தட்டு மாதிரி அடி வளைந்திருக்க வேண்டும். தட்டையாகப் போட்ட அடி, பாரம் ஏறினதும் நடுவில் தொங்கிவிடும். கூடை தரையில் உட்காராமல் ஆடும். நடு மேலே எழும்பின அடி விளிம்பில் நிற்கும், பாரம் ஏற ஏற இறுகும்.

பக்கச் சுவர் எழுப்புவது எப்படி?

மூன்றடி நீளத்தில், பென்சில் தடிமனில் 24 குச்சி வேண்டும். குச்சியின் தடித்த முனையைச் சாய்வாகச் சீவி, கூடை அடியின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் பின்னலுக்குள் செருகுங்கள். குத்தூசியால் வழி பண்ணிவிட்டுச் செருகினால் உடையாது. பிறகு விளிம்பை ஒட்டி ஒவ்வொரு குச்சியையும் கத்தி முதுகால் அழுத்தி மேலே மடக்கி, எல்லாவற்றையும் சேர்த்து உச்சியில் கயிறு கட்டிவிடுங்கள்.

இனி மூன்று குச்சிப் பின்னல். இடப்பக்கக் குச்சி இரண்டு நிற்கும் குச்சிகளுக்கு முன்னால் போய், ஒன்றுக்குப் பின்னால் நுழைந்து, முன்னால் வர வேண்டும். இப்படி மூன்று நாலு சுற்று. கூடையின் வடிவம் இந்தச் சுற்றுகளில்தான் தீர்மானமாகும். அதன்பிறகு மேலே சாதாரணமாகப் பின்னிக்கொண்டு போகலாம், நாலைந்து வரிக்கு ஒரு தடவை இரும்பால் தட்டி இறக்குங்கள். கேட்ட உயரம் வந்ததும் வாய்க்குக் கீழே திரும்ப இரண்டு சுற்று மூன்று குச்சிப் பின்னல் போட்டு இறுக்குங்கள்.

ஒரு கூடைக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 150 குச்சி கையில் இருக்கட்டும். பின்னிக்கொண்டிருக்கும்போது குச்சி தீர்ந்து போவதுபோல் எரிச்சலான விஷயம் கிடையாது.

ஒரே குச்சியால் முன்னும் பின்னுமாகச் சுற்றுகிறேன். இரண்டாவது சுற்றும் முதல் சுற்று போன வழியிலேயே போகிறது. ஏன்?

நிற்கும் குச்சி இரட்டைப்படையாக இருக்கிறது, அதனால். 24 குச்சியில் ஒரு குச்சியை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றும் அதே குச்சிக்கு முன்னால்தான் வரும், பிடிப்பு இருக்காது. ஒரு இடத்தில் கூடுதலாக ஒரு குச்சி நிறுத்தி 25 ஆக்குங்கள். இல்லையென்றால் எதிரெதிரே இரண்டு குச்சி சேர்த்து, ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி மாறி மாறிப் பின்னுங்கள்.

கூடை ஒரு பக்கம் சாய்கிறது. வாயும் தானாக விரிகிறது.

சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் குச்சித் தடிமன். ஒரு பக்கம் தடித்த குச்சியாகவே விழுந்திருக்கும். பின்னத் தொடங்கும் முன்பே குச்சிகளைத் தடிமன் பார்த்து மூன்று கட்டாகப் பிரித்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி போய்விடும். வாய் விரிவது, நிற்கும் குச்சியை நீங்கள் உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துப் பின்னுவதால். இடக்கையால் நிற்கும் குச்சியை உள்பக்கம் தள்ளிப் பிடியுங்கள். கூடையைப் பலகையில் வைத்து, நடுவில் குத்தூசியைக் குத்தி, கூடையைச் சுழற்றிக்கொண்டே பின்னினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும்.

வாய் மடக்கும்போது குச்சி முறிந்துபோகிறது.

அதற்குள் காய்ந்திருக்கும். சுவர் எழுப்பி முடிக்கும்போது நிற்கும் குச்சிகள் வெளிக்காற்றில் நின்று வறண்டிருக்கும், சித்திரையில் கேட்கவே வேண்டாம். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல்முனைகள் மட்டும் தண்ணீரில் நிற்க ஒரு ராத்திரி விடுங்கள்.

மடக்குவதற்கு எளிய வழி: ஒவ்வொரு குச்சியையும் வலப்பக்கம் சாய்த்து, அடுத்த குச்சிக்குப் பின்னால், அதற்கடுத்ததற்கு முன்னால், அதற்கும் அடுத்ததற்குப் பின்னால் கொண்டுபோய் உள்பக்கம் நிறுத்துங்கள். முதல் மூன்று குச்சிகளை இறுக்காமல் சற்றே தூக்கலாக விடுங்கள், கடைசி மூன்றும் அவற்றுக்கு அடியில்தான் நுழைய வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு மீந்த முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். ஈரத்தோடு ஒட்ட வெட்டினால் சுருங்கும்போது நழுவிவிடும்.

ஒகேனக்கல் பரிசலும் ஒரு கூடைதானே?

ஆமாம், நம் மாவட்டத்தின் மிகப் பெரிய கூடை அதுதான். ஏறக்குறைய ஏழடி அகலம். ஒகேனக்கல் போனால் தண்ணீரில் மிதக்கிற பரிசலில் ஏறுவதற்கு முன்னால், கரையில் கிடக்கிற ஒன்றின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். மூங்கில் பத்தைகள் நடுவில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு போய், விளிம்பில் மேலே வளைந்து ஏறும் இடத்தில் நெருக்கமான பின்னலுக்குள் அடங்குவது தெரியும். முன்பு வெளியே தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். எட்டுப் பேர் பாரத்தை ஆணி இல்லாத ஒரு பின்னல் எப்படித் தாங்குகிறது என்பது அந்த வளைவைப் பார்த்தால் புரியும். பரிசல் கட்டுகிறவர் வேலையில் இருந்தால் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?

வாரச்சந்தையில் முறமும் கூடையும் விற்கிறவர்களிடம். போச்சம்பள்ளி சந்தையாகட்டும், உங்கள் ஊர்ச் சந்தையாகட்டும், கூடை முடைகிற குடும்பங்கள் வந்து உட்காருவார்கள். காலையில் வியாபார நேரம், தொந்தரவு செய்யாதீர்கள். கூட்டம் குறைந்த பிறகு போய், அம்மா, ஐயா என்று மரியாதையாகப் பேசி, அவர்கள் வீட்டு வாசலில் வேலை நடக்கும் நாளைக் கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கூடை முடைகிறவர்களை இந்த ஊர் தள்ளித்தான் வைத்திருந்தது. அவர்கள் கையில் இருக்கிற அறிவை இலவசமாக வாங்கி, பட்டறை நடத்தி, நகரத்தில் கட்டணம் வாங்குவது நியாயமில்லை. ஒரு நாள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கு அவர்கள் முடையாத கூடைகளின் கூலி போகிறது. அதைக் கணக்குப் பார்த்து, அதற்கு மேலேயே கொடுங்கள். கொத்தனாரிடம் பேரம் பேசத் தயங்குகிற நாம் கூடைக்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். அதை விட்டுவிடுவோம்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் சேர்த்த 25 தொழில்களில் கூடை முடைதலும் உண்டு. 35 வயது நிறைந்தவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு விண்ணப்பிக்கலாம், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையங்களில் விசாரியுங்கள். பொழுதுபோக்குக்குக் கற்கிறவர்களுக்கான திட்டம் இல்லை இது. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கூடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், படிவம் நிரப்ப உதவினால் அதுவே நல்ல குருதட்சணை.

சாப்பாட்டுப் பொருள் வைக்கலாமா? சாணி மெழுக வேண்டுமா?

நொச்சிக் கூடையில் காய்கறி, பழம், வெங்காயம் வைக்கலாம். உண்ணிக்குச்சி என்றால் கொதிக்கவைத்துத் தோல் முழுக்க உரித்ததை மட்டும், அதுவும் கழுவித் தின்கிற பொருளுக்கு மட்டும். கேழ்வரகு, எள் போன்ற சின்ன தானியம் நிற்க வேண்டுமானால் பின்னலின் இடுக்குகளை அடைக்க வேண்டும். சாணி மெழுகுவது பழைய வழி. காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்துப் பூசுவது இன்னொரு வழி. வாசனையும் நன்றாக இருக்கும், காய்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் தண்ணீர் படும் கூடைக்குப் பூசாதீர்கள்.

பூஞ்சை பிடிக்கிறது, சில நேரம் மாவு மாவாக உதிர்கிறது.

பூஞ்சை என்றால் ஈரம். துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மாவு உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. இது மூங்கிலில்தான் அதிகம், அதில் இருக்கும் மாவுச்சத்துக்காக வருகிறது. வெட்டின மூங்கிலைச் சில வாரங்கள் ஓடுகிற தண்ணீரிலோ குளத்திலோ போட்டு வைப்பது அந்தச் சத்தை வெளியேற்றத்தான்.

பின்னி விற்றால் பிழைக்க முடியுமா?

கூடையை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளிலும், ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டிலும் ஒரு காலத்தில் கூடை நின்ற இடத்தில் இன்றைக்கு பிளாஸ்டிக் கிரேட் அடுக்கி நிற்கிறது. அடுக்கினால் நசுங்காது, கழுவலாம், விலையும் கட்டுப்படியாகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பறிக்கிற கைக்குக் கூடை இன்னும் நல்லது. இடுப்பில் அணைத்துக்கொள்ளலாம், செந்தூராவோ அல்போன்சாவோ தோல் கன்றாமல் இறங்கும். பறிகூடை, பூக்கூடை, வீட்டில் வெங்காயம் போட்டுவைக்கும் கூடை, பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற பெரிய அலங்காரக் கூடை: இவற்றுக்கு ஆள் இருக்கிறது. விலை வைக்கும்போது குச்சி வெட்டின நாள், ஊறவைத்த நாள் எல்லாவற்றுக்கும் கூலி போடுங்கள். சந்தைக்காரர்கள் விற்கும் விலைக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

ஒரு வருஷம் உழைத்த கூடையில் நிற்கும் குச்சி ஒன்று உடைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அதே தடிமனில் ஒரு குச்சியை ஊறவைத்து, அடியைச் சாய்வாகச் சீவுங்கள். உடைந்த குச்சியின் ஓரமாகக் குத்தூசியை மேலிருந்து இறக்கி வழி பண்ணி, புதுக் குச்சியைப் பக்கத்திலேயே அடிவரை செருகி, மேல்முனையை வாய்ப் பின்னலுக்குள் சொருகிவிடுங்கள். உடைந்ததை உருவ வேண்டியதில்லை, அது உள்ளேயே இருக்கட்டும். அடி விட்டுப்போயிருந்தால் மட்டும் இது பலிக்காது. அந்தக் கூடையைக் கோழிக்கு அடைவைக்க விட்டுவிட்டு, புதிதாக ஆறு குச்சி வெட்டுங்கள்.